நிலவில் ஒரு பெரட்டு

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் நாளிதழைக் கண்ணால் படித்ததைவிடக் காதால் கேட்டதே மிகுதி. கேட்ட செய்தியை அப்படியே விட்டுவிடாமல், அதனால் தங்கள் தோட்டத்தில் அடுத்து என்னவெல்லாம் நடக்கும் என்று கற்பனையில் நீட்டிச் சிரிக்கும் வழக்கமும் அவர்களிடையே வேரூன்றியிருந்தது. கூலி, கள், வேலைநிறுத்தம், குடியுரிமை ஆகியவை பற்றி மலேசியத் தமிழர் வரலாற்றில் நல்ல நூல்கள் உள்ளன; அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. தோட்டத்து மனிதர் தம்மைச் சுற்றிய உலகத்தை எப்படிக் கணித்தார் என்று அறிய விரும்புவோருக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சுங்கை சிப்புட் வட்டாரத்து லயங்களில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருந்த பலகை வீடுகளில், பிறந்து வளர்ந்து இன்று ஈப்போ நகரிலும் அதன் புறத்தேயுள்ள புந்தோங்கிலும் முதுமையைக் கழிப்பவர்களின் நினைவில் ஒரு நாளின் செய்திகள் இன்னும் அப்படியே தங்கியிருக்கின்றன. அந்த நாள் 1969 ஜூலை 21, திங்கட்கிழமை.

கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 1924ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் நேசனும், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் முரசும் தோட்டப்புறங்களை எட்டிய முதன்மையான நாளிதழ்கள். எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1950களில் தமிழ் நேசனின் ஆசிரியராக இருந்தார் என்பதிலிருந்தே அவ்விதழ்கள் எத்தகையவர் கைகளில் இருந்தன என்பது விளங்கும். தலைநகரில் அச்சான தாள் ஈப்போவுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் சுங்கை சிப்புட்டை அடைந்து, பிறகு யாராவது ஒருவருடைய சைக்கிளில் தோட்டத்துக்குள் நுழைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தோட்டம் முழுமைக்கும் ஒன்றோ இரண்டோ தாள்கள்தாம் வரும். ஒன்று அலுவலகக் கணக்கு எழுதும் கிராணியாருக்கு, மற்றொன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு. ஆசிரியர் பள்ளித் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். பால்வெட்டி முடித்துக் குளித்துவிட்டு வந்த ஆண்களும், இடுப்பில் குழந்தையோடு பெண்களும், கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் வழியில் நின்றவர்களும் கேட்பார்கள். அவர் முதலில் தலைப்பை மட்டும் படித்து நிறுத்துவது வழக்கம். தலைப்புக்கும் செய்திக்கும் நடுவே விழுந்த அந்தச் சிறு இடைவெளியில்தான் கேட்டவர்களின் கற்பனை புகுந்தது. ஆசிரியர் மீதிச் செய்தியைத் தொடர்வதற்குள் அது தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும்.

படித்து முடித்த தாள் வீணாவதில்லை. கோதுமை மாவைக் கொதிக்க வைத்துக் காய்ச்சிய பசையில், கரையானும் கரப்பானும் அண்டாமலிருக்க ஒரு துண்டு மயில்துத்தம் பொடித்துப் போட்டுக் கலந்து, லயத்து வீட்டுப் பலகைச் சுவரின் இடுக்குகளை மறைக்க அந்தத் தாளை ஒட்டுவார்கள். துத்தத்தின் நீலம் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லக் கசிந்து நிற்கும். மண்ணெண்ணெய் விளக்கின் புகை ஏற ஏறத் தாள் மஞ்சளாகி, பெரிய எழுத்துத் தலைப்புகள் மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ மேலே புதிய தாள் ஒட்டும்வரை, பல வீடுகளில் அதற்குப் பிறகும்கூட, அந்தத் தலைப்புகளே பிள்ளைகளுக்கு இரண்டாம் பாடப்புத்தகம். அந்த 1969 ஜூலை மாதத்துச் செய்திகள் அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்றுவரை மனப்பாடமாக இருப்பதற்குக் காரணம் நினைவாற்றலின் சிறப்பு மட்டுமன்று. ஆண்டுக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கியதும்தான்.

தொலைதூரத்துத் தலைப்பு ஒன்று லயத்துக்குள் நுழையும் என்பதை அம்மக்கள் வெறும் வேடிக்கையாகக் கண்டுபிடிக்கவில்லை. சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்கு அது 1948லேயே தெரியும். அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, அதைத் தொடர்ந்து பிரகடனம் செய்யப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. கம்பிவேலிக்குள் வாழ்ந்ததும், அரிசியை அளந்து வாங்கியதும், சோதனைச் சாவடியில் சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டியதும் அந்த ஒரு நாள் செய்தியின் விளைவுகளாகவே அவர்களுக்குப் பட்டன. அதன்பின் 1967 நவம்பரில் பிரிட்டன் தன் பவுன் நாணயத்தின் மதிப்பை டாலருக்கு எதிராக 2.80இலிருந்து 2.40ஆகக் குறைத்தது. லண்டனில் நடந்த அக்காரியத்தோடு தங்களுக்கு ஏதும் தொடர்பில்லை என்று எண்ணியிருந்தவர்களின் தகரப்பெட்டியில் இருந்த பழைய மலாயா வெள்ளி ஒவ்வொன்றும் ஒரே இரவில் 85 காசு ஆயிற்று. அவ்வாண்டு ஜூனில் வெளியான புதிய வெள்ளி மதிப்பிழக்கவில்லை; பவுனோடு கட்டப்பட்டிருந்த பழைய தாள்கள் மட்டுமே இழந்தன. வங்கியில் போடாமல் பெட்டியில் பழைய தாளாகச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளே அடிபட்டார்கள். பினாங்கில் கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்கள் போயின. தலைப்பு எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும் நம் வீட்டில் அதற்கு ஒரு விளைவு உண்டு என்று அன்று கற்ற பாடமே, ஒவ்வொரு செய்தியையும் தோட்டம்வரை நீட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு உரமிட்டது எனலாம்.

1969 ஜூலையில் அப்பழக்கம் கூடுதலாகப் பயன்பட்டது. மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டு, இரண்டு நாளில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தது. நாளிதழ்கள் சில நாள் நிறுத்தப்பட்டு, பிறகு தணிக்கையோடு வெளிவந்தன. உள்நாட்டுச் செய்தியைத் திண்ணையில் அமர்ந்து உரக்கப் பேசுவது அறிவுடைமை அன்று என்பதை எல்லாரும் உணர்ந்திருந்த காலம் அது. ஆகவே மனம்விட்டுப் பேசவும் சிரிக்கவும் வெளிநாட்டுச் செய்திகளே மிஞ்சின. அந்தத் திங்கட்கிழமை அவை ஒன்றுக்கு நான்காக வந்து சேர்ந்தன: மனிதன் நிலவில் இறங்கினான், இந்தியாவில் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின, இந்தியாவின் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி. வி. கிரி பதவி விலகினார், நடு அமெரிக்காவில் கால்பந்து ஆட்டத்தை ஒட்டி இரு நாடுகளுக்கிடையே மூண்ட போர் ஓய்ந்தது.

நிலவில் கலம் இறங்கியபோது மலேசிய நேரம் அதிகாலை 3.47. நீல் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது காலை 10.26. தோட்டத்துக் கணக்கில் சொன்னால் அது பால் எடுக்கும் நேரம்; மரத்தில் கட்டிய மங்குகளில் சொட்டி நிறைந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்க்கும் வேளை. குவாந்தானில் செயற்கைக்கோள் தரைநிலையம் 1970இல்தான் திறக்கப்பட்டது என்பதால் நிகழ்ச்சியை நேரடியாகத் தொலைக்காட்சியில் காணும் வசதி அன்று நாட்டில் எவருக்கும் இல்லை. கிராணியார் வீட்டு வானொலியே தோட்டம் முழுமைக்கும் செய்தி சொன்னது. மாலையில் பள்ளித் திண்ணையில் கூடியவர்கள் தலையை நிமிர்த்தினால் மேற்கு வானில் ஏறத்தாழப் பாதி நிலா தெரிந்தது. அதில் ஒளிபட்டிருந்த பகுதியில்தான் அந்நேரம் இருவர் இருந்தார்கள் என்று ஆசிரியர் விளக்கினார்.

முதலில் எழுந்த கேள்வி, அங்கே மழை பெய்யுமா என்பது. இதை விளையாட்டுக் கேள்வியாகக் கொள்ளலாகாது. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்து, வெட்டிய கோட்டை விட்டுப் பால் வழிந்தோடிவிடும். அன்று வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. மழையே கிடையாது என்று ஆசிரியர் சொன்னதும் நிலவு ஒரு மிகச் சிறந்த தோட்டமாக அவர்கள் மனத்தில் உருப்பெறத் தொடங்கியது. அங்கே அட்டை இல்லை, கொசு இல்லை, மலேரியா இல்லை, புலி இல்லை, காட்டுப்பன்றி இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைந்து வயிற்றைக் கட்ட வேண்டிய நிலையும் இல்லை. காற்றும் இல்லை என்பது அடுத்துத் தெரியவந்தபோது, மண்டோர் (ஒரு வெட்டுக்கூட்டத்தின் மேற்பார்வையாளர்) தூரத்திலிருந்து ஏசினாலும் காதில் விழாது என்று அதையும் ஆதாயக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

சிக்கல் பெரட்டில் தொடங்கியது. பெரட்டு என்பது விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நிரை என்று வேலை பிரித்துக் கொடுப்பது. ரப்பர் மரத்தைக் குளிர்ந்த வைகறையில் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். மரத்தினுள் நீரழுத்தம் அப்போது மிகுந்திருக்கும், வெயில் ஏற ஏறத் தணிந்து பாலும் நின்றுவிடும். ஆகவே தோட்டத்து வாழ்க்கை முழுவதும் விடியலைச் சுற்றியே கட்டப்பட்டது. "வாத்தியாரே, அங்க பெரட்டு எத்தன மணிக்கி?" என்று ஒருவர் கேட்க, நிலவில் பகல் ஏறத்தாழ நம் பதினான்கு நாள், இரவும் அவ்வளவே, ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே இருபத்தொன்பதரை நாள் என்று ஆசிரியர் கணக்குச் சொன்னார். அப்படியானால் மாதத்துக்கு ஒரே ஒரு பெரட்டு! தூங்கப் பதினான்கு நாள் கிடைக்கும் என்று மகிழ்ந்தவர்கள், அடுத்த நொடியே நாட்கூலி என்பது அங்கே மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதை உணர்ந்து வாயடைத்துப் போனார்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கிராணியாரின் கணக்குப் புத்தகத்தில் ஆண்டு முழுமைக்கும் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று கோடுகளே விழும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எடையில் இருந்தது. நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. தோளில் காண்டாக் கம்பு வைத்து இரு முனையிலும் பால் வாளி தொங்கவிட்டு மலைச்சரிவில் இறங்கிப் பழகியவர்களுக்கு அது முதலில் தேவர்களின் வரமாகவே தோன்றியது. தோள் காய்ப்புப் பிடிக்காது; கருவுற்ற பெண்களும் சிரமமின்றித் தூக்கலாம். ஆனால் நாட்கூலியின் அளவோ எடையைப் பொறுத்தது. ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று கணித்து, அதன்படி பேரேட்டில் எழுதுவார்கள். ஆறு வாளி பால் கொண்டுபோனால் ஒரு வாளிக்கான எடையே காட்டும் என்றதும் திண்ணையில் கூச்சல் எழுந்தது. அப்போது ஆசிரியர், சுருள்வில் தராசில் நிறுத்தால்தான் அந்த இழப்பு, தட்டுத் தராசில் படிக்கல் வைத்து நிறுத்தால் படிக்கல்லும் ஆறில் ஒரு பங்காகிவிடுவதால் கணக்கு மாறாது என்று தெளிவுபடுத்தினார். உடனே ஒரு தீர்மானம் உருவாயிற்று: தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நிலவில் கிளை திறக்கும் முதல் நாளே படிக்கல் தராசு வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைக்க வேண்டும், இல்லையேல் வேலைநிறுத்தம். இயற்பியலின் ஒரு நுட்பத்தை, பொருண்மைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை, எழுத்தறியாத ஒரு கூட்டம் கால் மணி நேரத்தில் முழுமையாகக் கற்றுக்கொண்டது இப்படித்தான். வகுப்பறையில் அதே பாடத்தைக் கற்பிக்க எத்தனை நாளாகும் என்பதை ஆசிரியப் பணியில் இருப்போர் அறிவர்.

பெண்களின் கேள்விகள் வேறு திசையில் சென்றன. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில், இங்கேயே அடங்காத பிள்ளைகள் அங்கே ஆறு மடங்கு உயரம் குதித்தால் பிடித்து நிறுத்துவது எப்படி என்று ஆயா கவலைப்பட்டார். தொட்டில் கயிற்றை இன்னும் நீளமாகக் கட்ட வேண்டுமா, கட்டையாகக் கட்ட வேண்டுமா என்பது வெகுநேரம் விவாதிக்கப்பட்டு முடிவின்றி நின்றது. சதுர்த்தி விரதம் இருந்து நிலவைப் பார்த்தபின் உணவு கொள்பவர்கள், இனி பார்க்கும்போது அங்கே ஆம்பிளைகள் நடமாடினால் விரதம் முறியுமா என்று பூசாரியைக் கேட்டார்கள். நிலவுக்குப் போய்ச்சேர நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆயிற்று என்று கேள்விப்பட்ட ஒரு பாட்டி, தாம் வந்த ரஜூலா கப்பலின் பயண நாள்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "நாகப்பட்டணத்தவிட நெலாதான்டா கிட்ட" என்று முடிவு சொன்னார். சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடு இணைத்த அந்தக் கப்பலில் ஏறி வந்து, திரும்பிச் செல்லப் பணம் சேராமலே வாழ்நாளைக் கழித்த தலைமுறையின் முழுத் துயரமும் அந்த ஒரு சொல்லில் இருந்தாலும், அன்று கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்; பாட்டியும் சிரித்தார்.

அமெரிக்கர்கள் அங்கே கொடி நட்டார்கள் என்றதும் பேச்சு நிலத்துக்குத் தாவியது. 1950களிலும் 60களிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கிச் சிறு முதலாளிகளுக்கு விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. தோட்டத் துண்டாடல் என்று அழைக்கப்பட்ட அந்நிகழ்வை 1951 முதல் 1960 வரையிலான காலத்துக்குப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதனால் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த தொழிலாளர்களுக்காகவே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். ஆகவே, கொடி நட்டவர்கள் நாளைக்கு நிலவையும் துண்டு போட்டு விற்பார்கள், வாங்குபவர் லயத்தை இடிக்கச் சொல்வார், நாம் மறுபடியும் சட்டிபானையோடு சாலையில் நிற்போம், கூட்டுறவுச் சங்கம் சந்தா வசூலித்து நிலவில் கால் பங்கையாவது வாங்கிப் போட வேண்டும் என்ற கற்பனை எளிதில் பிறந்தது. விண்வெளியை எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாது என்று 1967இலேயே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்ததை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையை எழுதிய வல்லுநர்கள் எதை அஞ்சினார்களோ அதையேதான் அவர்களும் அஞ்சினார்கள். வீரர்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் மொத்தம் இருபத்தொன்றரை கிலோ என்பது பின்னர் தெரிந்தபோது, அது ஒரு காண்டாப் பாலின் எடைகூட இல்லையே என்று தோட்டம் வியந்தது.

வங்கிச் செய்தி இதற்குச் சற்றும் இளைத்ததன்று. 50 கோடி ரூபாய்க்குக் குறையாத வைப்புத்தொகை கொண்ட 14 இந்திய வங்கிகளை ஜூலை 19ஆம் நாள் இரவு அவசரச் சட்டத்தால் இந்திரா காந்தி அரசு எடுத்துக்கொண்டது. அவற்றுள் செட்டிநாட்டு வணிகர்களின் முதலீட்டோடு தொடர்புடைய இந்தியன் வங்கியும், மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அடங்கும். மலாயாவின் நகரங்களில் கிளை வைத்திருந்த வங்கிகள் அவை. தோட்டத்துத் தொழிலாளி வங்கிப் படியேறியவர் அல்லர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வட்டிக்கடைச் செட்டியாரும் அஞ்சலக மணியார்டரும்தான். ஆயினும் செட்டியாரின் வங்கி அரசாங்கத்துக்குப் போயிற்று என்றால் செட்டியாருக்கு வர வேண்டிய கடனும் அரசாங்கத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று ஒருவர் தருக்க முறையில் நிறுவினார். தாலிச் சரடை அடகு வைத்து நாற்பது வெள்ளி வாங்கியவர், இனித் தாம் இந்திய அரசின் கடனாளி. கடனை வசூலிக்கப் பிரதமரே நேரில் வருவார். வரும்போது லயத்துச் சாக்கடை நாறக் கூடாது. ஆகையால் தோட்ட நிர்வாகம் இப்போதே சாக்கடை வெட்டிச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். பல மாதமாக மனுக் கொடுத்தும் கிடைக்காத சாக்கடை இந்த வழியிலாவது கிடைக்கட்டும் என்பது அந்தச் சிரிப்பின் உள்ளிருந்த கோரிக்கை.

இதில் கவனிக்கத்தக்கது, உண்மை விளைவு அந்தக் கற்பனையிலிருந்து அதிகம் விலகிப்போகவில்லை என்பதுதான். வேற்று நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இந்நாட்டில் இயங்கலாகாது என்ற மலேசியச் சட்ட விதியின் காரணமாக, அரசுடைமையாகிவிட்ட இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் மலேசியக் கிளைகளும் ஒன்றிணைக்கப்பட்டு 1973இல் யுனைடெட் ஏசியன் வங்கி உருவாயிற்று. டில்லியில் ஒரு சனிக்கிழமை இரவு எடுத்த முடிவு நான்கு ஆண்டு கழித்து மலேசிய வீதிகளில் பெயர்ப்பலகையை மாற்றியது. திண்ணையில் சிரித்தவர்கள் திசையைச் சரியாகவே பிடித்திருந்தார்கள்.

வி. வி. கிரி பற்றிய செய்தி சுருக்கமானது. தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்து, ஜாகிர் உசேன் மறைவுக்குப் பின் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த அவர், அதே பதவிக்கான தேர்தலில் போட்டியிடுவதற்காக ஜூலை 20ஆம் நாள் விலகினார். ஆகஸ்டில் வென்று மீண்டும் அங்கேயே அமர்ந்தார். பார்க்கும் வேலையை விட்டுவிட்டு அதே வேலைக்கு மனுப்போடும் முறை தோட்டத்துக்கு வந்தால், நாளைப் பெரட்டில் எல்லாரும் பால் வெட்டும் உளியைக் கீழே வைத்துவிட்டு உடனே மறுபடி எடுத்து, புதிய ஆள் புதிய கூலி என்று கேட்கலாமே என்று ஓர் இளைஞர் சொன்னார். அதற்கு மட்டும் அன்று யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. நீல அடையாளக் கார்டு வைத்திருந்தவர் குடிமகன். சிவப்புக் கார்டு வைத்திருந்தவர் இந்த மண்ணில் முப்பது ஆண்டு பால் வெட்டியிருந்தாலும் அந்நியர். சிவப்புக் கார்டுக்காரர் ஒருமுறை உளியைக் கீழே வைத்தால் மறுபடி எடுப்பது அவர் கையில் இல்லை.

கடைசிச் செய்தி எல் சால்வடாருக்கும் ஹோண்டுராசுக்கும் நடந்த போர். உலகக் கோப்பைத் தகுதியாட்டங்களில் மோதிய இவ்விரு நாடுகளும் ஜூலை 14 முதல் ஏறத்தாழ நூறு மணி நேரம் போரிட்டதை உலகப் பத்திரிகைகள் கால்பந்துப் போர் என்றே அழைத்தன. கால்பந்து, தோட்டத்துக்கு உயிர். ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தோடு ஆடிய ஆட்டத்தில் நடுவர் கொடுக்காத கோல் பற்றிய வழக்கு தீராமல் இருந்த நேரத்தில் இச்செய்தி வந்தது. போர் மூண்டால் காண்டாக் கம்புதான் ஆயுதம், ஒட்டுப்பால் உருண்டைதான் குண்டு, இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான கள்ளுக்கடையே போர்நிறுத்தக் கோடு, மாலை நான்கு மணிக்குக் கடை திறந்ததும் போர் தானாக ஓயும் என்று திட்டம் விரிந்தது. பிறகு ஆசிரியர் உள்செய்தியைப் படித்தார். தங்கள் நாட்டில் நிலம் போதாமல் ஹோண்டுராசுக்குப் போய்ப் பயிர்த்தொழில் செய்த சால்வடார் மக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் அவர்கள் விரட்டப்பட்டுக்கொண்டிருந்தனர். ஆட்டம் வெறும் தீக்குச்சி, மருந்து அங்கே முன்பே நிறைந்திருந்தது. பிழைக்க வந்த இடத்திலிருந்து மூட்டையோடு துரத்தப்படுவது என்றால் என்ன என்பதைத் திண்ணையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் வேலை அனுமதி கிடைக்காமல் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ரஜூலாவில் ஏறிச் சென்றபோது, அந்தத் தோட்டத்திலிருந்தும் குடும்பங்கள் போயின. நிலவைவிடத் தொலைவு என்று தாம் சொன்ன நாகப்பட்டினத்துக்கே அந்தப் பாட்டியும் போய்ச் சேர்ந்ததாக லயத்துப் பிள்ளைகள் நினைவுகூர்வர்.

தலைப்பை முழுதும் அறியாதோர் செய்யும் உளறலாக இந்தக் கற்பனைகளை ஒதுக்குவோர் உண்டு. அது பிழையான மதிப்பீடு. எங்கோ யாரோ தங்களைக் கேளாமல் எடுக்கும் முடிவு கூலியில், எடையில், வீட்டில், கடனில் எங்கே வந்து தைக்கும் என்று தேடிப் பார்த்த கணக்கு அது. அச்சத்தோடு செய்ய வேண்டிய அந்தக் கணக்கை அவர்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். இன்னொரு சான்றும் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு இணைக்கப்பட்டபோது, மரங்களுக்கு இந்தச் சுற்றறிக்கையை யார் படித்துக் காட்டுவது என்று தோட்டங்களில் கேட்டார்கள். மறுநாள் பெரட்டு கடிகாரப்படி நடந்தால் அரை மணி நேரம் கூடுதல் இருட்டு என்பதே அக்கேள்வியின் பொருள். தலையில் விளக்குக் கட்டி வெட்டுவோருக்கு அது சிறிய செய்தியன்று.

தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றில் தலைப்புகளைத் தேடி எடுக்கலாம். பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, தாள் ஒட்டிய பலகைகள் விறகாகிவிட்டன. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எந்த நூலகத்திலும் இல்லை. அன்றைய பிள்ளைகளுக்கே இப்போது அறுபத்தைந்து வயது கடந்துவிட்டது. பேராக்கில் தோட்டத்துப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ உள்ள ஒவ்வொருவரும், ஏதேனும் ஒரு பழைய தலைப்பைச் சொல்லி, அன்று திண்ணையில் என்ன பேசிச் சிரித்தீர்கள் என்று கேட்டு, தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் அவர்கள் சொல்லும் சொற்களிலேயே இந்த ஆண்டு முடிவதற்குள் எழுதிவைக்க வேண்டும்.